துக்க வீட்டுக்குப் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்

சுங்கை வே வட்டாரத்துப் பெற்றோர்களே, கசப்பாக இருந்தாலும் கடைசிவரை படியுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பண்டார் உத்தாமாவில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குள், பள்ளி நேரத்தில், 14 வயதுப் பையன் ஒருவன் 16 வயது மாணவி ஒருத்தியைக் கத்தியால் குத்திக் கொன்றான். அந்த இடம் நமக்கு வெகுதூரம் இல்லை. எல்டிபி நெடுஞ்சாலையில் ஏறினால் சில நிமிடம்தான். அன்று காலை பள்ளிக்குப் போன ஒரு பிள்ளை வீடு திரும்பவில்லை. அதைச் செய்தவனும் இன்னொரு வீட்டுப் பிள்ளைதான்.

அன்று மதியத்துக்குள் நம் புலனக் குழுக்களில் என்னென்ன ஓடின என்று நினைத்துப் பாருங்கள். "யாரு பொண்ணு?" "என்ன இனம்?" "லவ் கேஸா?" "படம் இருந்தா அனுப்புங்க." உண்மையோ பொய்யோ தெரியாத படங்கள் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குத் தாவின. இவற்றில் பல, வீட்டுப்பாடம் கேட்பதற்கும் பள்ளிப் பேருந்து தாமதமானால் சொல்வதற்கும் நாம் தொடங்கிய வகுப்புக் குழுக்கள். பெற்றோர் என்ற தகுதியால்தான் அந்தக் குழுக்களில் நமக்கு இடம் கிடைத்தது. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொரு தாய்க்காக ஒரு வரிகூட எழுதாமல் படம் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அன்று மாலை நம் பிள்ளைகள் மிரண்டுபோய் வீட்டுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் பத்திரமான இடமா என்ற கேள்வி அவர்கள் கண்ணில் இருந்தது. நாமோ குனிந்த தலை நிமிராமல் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒரு சாவு நடந்தால் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்பதை அன்று பிள்ளைகள் பாடமாகப் படித்துக்கொண்டார்கள். விவரம் திரட்டுவது, படத்தைப் பார்ப்பது, பகிர்வது, அடுத்த செய்திக்குப் போவது. அவர்கள் படித்தது அவ்வளவுதான்.

1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைச் சில பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பிறகு அதே பொம்மையோடு அவர்களைத் தனியே விட்டபோது, பிள்ளைகளில் பலர் பார்த்ததை அப்படியே செய்தார்கள். அடி என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடி விஷயத்தில் உண்மையானது அன்பு விஷயத்திலும் உண்மைதான். "பிறர் துன்பம் கண்டு இரங்க வேண்டும்" என்று நன்னெறிப் பாடத்தில் எழுதி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை, அந்த இரக்கத்தை நம்மிடம் ஒருமுறையாவது பார்த்திருக்கிறதா?

அக்டோபர் சம்பவம் ஒன்றை மட்டும் வைத்து நான் இப்படிப் பேசவில்லை. 2024 ஆகஸ்டு 23ஆம் தேதி மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை திடீரென்று உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டது. தீயணைப்பு மீட்புப் படையினர் ஒன்பது நாள் தேடினார்கள். முக்குளிப்பாளர்கள் கழிவுநீர்க் குழாய்க்குள்ளேயே இறங்கினார்கள். அந்த அம்மா கிடைக்கவே இல்லை. அவர் குடும்பம் அந்நிய நாட்டில் உடலுக்காகக் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பியது. அந்த நாள்களில் குழியருகே போய்ப் படம் எடுத்தவர்களும், பிள்ளையைத் தோளில் தூக்கி எட்டிப் பார்க்க வைத்தவர்களும் உண்டு. நம் சமூகம் வாரந்தோறும் புடவை வாங்கப் போகும் தெரு அது. அந்த இடத்தில் ஒரு நிமிடம் கைகூப்பி நிற்கக் கற்றுக்கொடுத்திருக்கலாம்.

அதே ஆண்டு ஜூலையில் ஈஷா என்று அறியப்பட்ட நம் தமிழ்ப் பெண் ராஜேஸ்வரி, டிக்டாக் நேரலைகளில் தனக்கு நேர்ந்த அவமதிப்பையும் மிரட்டலையும் காவல்துறையில் புகாராகச் சொன்ன மறுநாள் உயிரை விட்டார். அவரை இழிவாகப் பேசிய பெண்ணுக்கு 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டபோது நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பின் பலனாகக் குற்றவியல் சட்டத்தில் பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. வதையால் ஒருவர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டால் பத்தாண்டுவரை சிறை. நல்ல சட்டம், வரவேற்போம். ஆனால், அந்த நேரலைகளைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்களா? அவர்களும் தமிழில்தான் எழுதினார்கள். பலரும் பிள்ளை குட்டிக்காரர்களாக இருந்திருப்பார்கள். சிரித்தவர்களை எந்தச் சட்டமும் பிடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைதான் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொள்ளும்.

நாம் எப்படி இப்படி ஆனோம் என்று யோசித்துப் பார்த்தால் ஒரு காரணம் பளிச்சென்று தெரிகிறது. துக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைத்துவிட்டோம். அதன் பின் துக்கம் அவர்களுக்குத் திரையில் மட்டும் தெரியும் பொருளாகிவிட்டது.

நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒரு லயத்தில் சாவு விழுந்தால் தப்பு சத்தம் கேட்கும். அந்த வீட்டு அடுப்பு எரியாது. பக்கத்து லயத்திலிருந்து சோறும் காப்பியும் வரும். மரண சகாய நிதிக்கு மாதாமாதம் கொடுத்த சில்லறை, அன்று பெட்டிக்கும் மாலைக்கும் ஆகும். ஆண்கள் குழிவெட்டப் போவார்கள். பெண்கள் இழந்தவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். சிறுவர்கள் தண்ணீர் சுமப்பார்கள், செய்தி சொல்ல ஓடுவார்கள். தோட்ட வாழ்க்கையில் வறுமையும் குடியும் சாதிப் பிரிவினையும் இருந்தன. சாவு வீட்டில்கூட அவை தலைகாட்டின. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரு மனிதர் இறந்தால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு அன்று தெரிந்திருந்தது.

1970களில் சுங்கை வே சுதந்திர வர்த்தக மண்டலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பெண்கள் சீருடை போட்டுக்கொண்டு தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். குடும்பங்கள் பலகை வீட்டுக்கும், அங்கிருந்து அடுக்குமாடிக்கும், கொஞ்சம் முன்னேறியதும் தரை வீட்டுக்கும் மாறின. அது நல்ல முன்னேற்றம்தான். பிள்ளைகளுக்குத் தனியறை கிடைத்தது, பிரத்தியேக வகுப்பு கிடைத்தது. கதவுக்கு இரும்புக் கம்பியும் வந்தது. நான்காம் மாடியில் சாவு நடந்தால் ஏழாம் மாடியில் இருப்பவருக்குக் கீழே கூடாரம் போட்ட பிறகுதான் தெரிகிறது. தெரிந்த பிறகும் என்ன செய்கிறோம்? கணவன் மட்டும் போகிறார். கம்போங் துங்கு மின்சுடலைக்கு எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்து, எடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறார். பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.

ஏன் அழைத்துப் போகவில்லை என்று கேட்டால் நான்கு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பேசுவோம்.

"நாளைக்குப் பரீட்சை." எஸ்பிஎம் எழுதும் பிள்ளைக்கு அரைமணி நேரம் மிச்சமில்லை என்கிறோம். அதே வாரத்தில் ஒரு நண்பரின் பிறந்தநாள் விருந்துக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. சொந்தத் தாத்தாவின் தம்பி இறந்ததற்குக்கூட வராமல் பயிற்சித்தாள் செய்த பிள்ளை, நாளை மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ வரும். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மோசமான செய்தியைச் சொல்ல வேண்டிய நாளில், எந்தப் பயிற்சித்தாள் அதற்குக் கைகொடுக்கும்?

"பயந்துடுவான்." இதில் நியாயம் உண்டு, அதனால் நிதானமாகப் பதில் சொல்கிறேன். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, இறந்தவர் திரும்ப மாட்டார் என்பது விளங்கத் தொடங்கிவிடுகிறது என்று குழந்தை உளவியல் சொல்கிறது. விளங்கத் தொடங்கும் வயதில் நாம் மூடி மறைத்தால், பிள்ளை தானாகக் கற்பனை செய்துகொள்ளும். அந்தக் கற்பனை உண்மையைவிடக் கொடுமையாக இருக்கும். "பாட்டி தூங்குறாங்க" என்று சொல்லி வைத்தால், இரவில் கண்ணை மூட அஞ்சும். "வெளியூர் போயிருக்காங்க" என்று சொன்னால், அப்பா வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் காலைப் பிடித்துக்கொண்டு அழும். "பாட்டி இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்றது நின்னுடுச்சு. இனிமே வரமாட்டாங்க. நமக்கு ரொம்ப வருத்தமா இருக்கு" என்று நேராகச் சொல்லுங்கள்.

போவதற்கு முன்னால் என்ன பார்க்கப் போகிறது என்பதையும் சொல்லுங்கள். பெட்டி இருக்கும், மாலை இருக்கும், ஊதுபத்திப் புகை இருக்கும், பெரியவர்கள் சத்தம் போட்டு அழுவார்கள், அது தப்பில்லை என்று சொல்லுங்கள். உடலைப் பார்க்க மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். தொடு, முத்தம் கொடு என்று தள்ளாதீர்கள். பிள்ளைக்குத் தாங்கவில்லை என்றால் வெளியே கூட்டிப்போக ஒரு பெரியவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவையுங்கள். கொலை, கோர விபத்து போன்ற சாவுகளில், சின்னப் பிள்ளைக்கு எந்த அளவு சொல்வது, எப்போது அழைத்துப் போவது என்பதை யோசித்து முடிவெடுங்கள். இவ்வளவு பார்த்துச் செய்தால் பயம் தணியும். அதைவிட்டு, பயந்துவிடுவான் என்று சாவு வீட்டுக்கு அழைத்துப் போகாத பிள்ளையின் கையில், விபத்துக் காணொளிகள் நிறைந்த கைப்பேசியை இரவு பத்து மணிக்குக் கொடுத்து வைத்திருக்கிறோம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"தீட்டு." உங்கள் வீட்டு வழக்கத்தோடு நான் சண்டைக்கு வரவில்லை. போய் வந்து குளியுங்கள், துணியை நனையுங்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளும் அப்படித்தான் குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்தார்கள். சின்னப் பிள்ளை பிணத்தருகே போகக்கூடாது என்பது உங்கள் குடும்பத்தில் உறுதியான வழக்கமென்றால், எட்டாம் துக்கம் கழித்து அழைத்துப் போங்கள். கருமக்கிரியைக்கு அழைத்துப் போங்கள். இறந்தவர் வீட்டுக்குப் போகாமலே இருப்பதற்கு எந்த வழக்கமும் துணை நிற்காது.

"நமக்கு என்ன சொந்தமா?" நான்கிலும் எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். தினமும் மின்தூக்கியில் பார்த்துச் சிரித்த மனிதர், நம் பிள்ளை விழுந்தபோது தூக்கிவிட்ட அம்மா, காலையில் நாசி லெமாக் கட்டிக்கொடுத்த அக்காள். இவர்கள் இறந்தால் போவதற்குச் சொந்தம் என்ற சீட்டு வேண்டுமா?

நம் சொந்தத்துக்கு வெளியே, நம் இனத்துக்கும் வெளியே போகும்போதுதான் இரக்கத்தின் உண்மையான அளவு தெரியும். சுங்கை வே புதுக்கிராமம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சீனக் குடும்பத்தில் சாவு நடந்தால், கூடாரத்தைத் தாண்டிப் போகும்போது நம் பிள்ளைகள் மேளச் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். காகித வீடு எரிப்பதைப் படம் பிடிக்கிறார்கள். ஒரு வெள்ளை உறையில் பணம் வைத்து இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும், பகட்டான சிவப்பு உடை போடக்கூடாது என்று சொல்லி ஒருமுறை உள்ளே அழைத்துப் போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். மலாய்க்காரர் வீட்டில் இறப்பு என்றால் அடக்கம் விரைவில் முடிந்துவிடும். அதனால் கேள்விப்பட்ட உடனே அடக்கமான உடையில் போய்ச் சேருங்கள், வாசலில் அமைதியாக நில்லுங்கள், குடும்பத்தாரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பக்கத்து வீட்டார் நம்மை எப்படி அறிய வேண்டுமென்று நாம் நினைக்கிறோமோ, அப்படி அறிய வைக்கும் நாள் அதுதான்.

இன்னும் ஒரு படி போகிறேன். இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். கூட்டமாக ஒரு வீட்டில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் காணொளி அழைப்புப் போட்டுப் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவர் விபத்திலோ தூக்கத்திலோ இறந்துபோனால், பெட்டி விமானத்தில் போகும். இங்கே அழுவதற்கு ஆள் இருக்காது. நம் வீட்டுப் பிள்ளைகள் அவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை, நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டுக் கண்டிக்காமல் விட்டும் இருப்பீர்கள்.

அப்படிக் கூப்பிடும் பிள்ளையை உட்கார வைத்து சயாம் மரண ரயிலைப் பற்றிச் சொல்லுங்கள். 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர்த் தண்டவாளத்துக்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் செத்தவர்களைக் கணக்கெடுக்கக்கூட ஆளில்லை. இன்றைக்கும் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டப்பட்டு, பெரும்பாலும் பெயர் பொறிக்கப்பட்டு இருக்கின்றன. நம் பாட்டன்மாருக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. வீட்டுக்குத் திரும்பாதவருக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்த தாய்மார் தோட்டந்தோறும் இருந்தார்கள். அந்நிய மண்ணில் பெயரில்லாமல் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்நிய மண்ணில் சாகும் இன்னொருவனைப் பார்த்து நம் பிள்ளை ஏளனம் செய்வதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறோம்?

இனி, துக்க வீட்டில் நம் வாயைப் பற்றி. பிள்ளையோடு போகும்போது அதையும் அடக்கிக்கொண்டு போக வேண்டும். "ஏன் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அந்த வீட்டார் ஏற்கெனவே தங்களிடம் ஆயிரம் முறை கேட்டுக்கொண்டிருப்பார்கள். "எல்லாம் கர்மா" என்று சொல்லாதீர்கள். குழந்தையை இழந்தவளிடம் "இன்னொண்ணு இருக்கே" என்று சொல்லாதீர்கள். தற்கொலை நடந்த வீட்டில் காரணம் துருவாதீர்கள். அப்பாவைப் பறிகொடுத்த பத்து வயதுப் பையனின் தோளைத் தட்டி "இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பள, அழக்கூடாது" என்று சொல்லாதீர்கள். அப்பா போன அன்றைக்கே அவனுடைய பிள்ளைப்பருவத்தையும் பிடுங்கிவிடாதீர்கள். பேசத் தெரியவில்லை என்றால் பக்கத்தில் உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறந்தவரைப் பற்றி ஒரு நல்ல நினைவு இருந்தால் சொல்லுங்கள். உட்கார்ந்திருப்பதே பேச்சுத்தான்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். தண்ணீர்ப் புட்டிகளை வந்தவர்களுக்குக் கொடுக்கலாம், நாற்காலி அடுக்கலாம், அந்த வீட்டுக் குட்டிப் பிள்ளையோடு ஓர் ஓரத்தில் விளையாடலாம். வெறுமனே நிற்க வைத்தால் பிள்ளை வேடிக்கை பார்க்கும். கையில் வேலை இருந்தால் தானும் இந்தத் துக்கத்தில் ஒரு பங்காளி என்று உணரும். வள்ளலார் 1867ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியபோது முதலில் செய்தது அடுப்பு மூட்டியதுதான். ஜீவகாருண்யம் பற்றி அவர் எவ்வளவோ எழுதினார். ஆனாலும் அந்த அடுப்பை இன்றுவரை அணையாமல் வைத்திருப்பவர்கள் விறகு போடுகிறவர்களும் அரிசி களைகிறவர்களும்தான். மனத்தில் தோன்றும் இரக்கம் கைக்கு வந்து சேர வேண்டும். பிள்ளைகளுக்கு அதைக் கைவழியாகத்தான் கொடுக்க முடியும்.

நம்மால் முடியாது என்று சொல்லிவிட முடியாது. நம் கண்முன்னே முடிந்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, மக்கள் கூரைமேல் காத்திருக்க, யார் யாரோ சொந்தப் படகுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் சீக்கியர்களோடு மலாய்க்காரர்களும் தமிழர்களும் சீனர்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கான உணவுப் பொட்டலங்கள் கட்டினார்கள். 2025 ஏப்ரல் 1ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிழம்பு வானத்தைத் தொட்டபோது, ஓடி வந்தவர்களுக்கு அங்குள்ள பள்ளிவாசலும் காளியம்மன் கோயிலும் கதவைத் திறந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். புதுத்துணியோடு வெளியே ஓடி வந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது வீடில்லை. சுபாங்கிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் உடையும் உணவும் வந்து குவிந்தன. நம் மக்களுக்கு மனம் வற்றிவிடவில்லை என்பதற்கு இவை சாட்சி.

ஆனால், அங்கேயும் ஒரு குறை உண்டு. முதல் மூன்று நாள் எல்லாரும் வருவோம். ஒரு மாதம் கழித்து யாரும் இல்லை. தீக்காயம் ஆறப் பல மாதமாகும். வாடகை வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைப்பது அதைவிடக் கடினம். சாவு வீட்டிலும் இதே கதைதான். பதினாறாம் நாள் முடிந்து கூடாரத்தைப் பிரித்த பிறகுதான் அந்த வீட்டில் நிசப்தம் வந்து உட்காரும். இறப்புச் சான்றிதழ் வாங்கியாயிற்றா, சொக்சோவுக்கும் ஊழியர் சேமநிதிக்கும் எந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும், வங்கிக் கணக்கு முடங்கினால் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு பெண் முகப்பிடம் முகப்பிடமாக அலைவாள். அந்தப் பெண்ணோடு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்வாருங்கள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் மகனையோ மகளையோ கூட அழைத்துப் போங்கள். ஆறுதல் என்பதில் வரிசையில் எண் எடுத்துக் காத்திருப்பதும் அடக்கம் என்று அவர்களுக்கும் தெரியட்டும். முதல் தீபாவளி, முதல் பிறந்தநாள், ஆண்டுத் திதி ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு போய் எட்டிப் பாருங்கள்.

வகுப்பறையையும் மறந்துவிடாதீர்கள். அம்மாவையோ அப்பாவையோ இழந்த ஒரு பிள்ளை ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கு வரும்போது, மற்றப் பிள்ளைகள் என்ன பேசுவதென்று தெரியாமல் விலகி நிற்பார்கள். அந்தப் பிள்ளை தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். உங்கள் பிள்ளைக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள்: "உங்க அப்பா இறந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கும் வருத்தமா இருக்கு. ரெஹாட்டுக்கு என்கூட வா." ஒரு பிள்ளைக்கு இது போதும். தந்தையர் தினத்துக்கு வாழ்த்தட்டை செய்யச் சொல்லும் வாரத்தில் அப்பா இல்லாத பிள்ளையை எப்படி நடத்தப் போகிறார்கள் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் எழுந்து கேளுங்கள்.

உங்கள் பிள்ளையே உள்ளுக்குள் உடைந்திருக்கவும் கூடும். சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டு, "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்ற மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தால், அதை நாடகம் என்று தள்ளிவிடாதீர்கள். கைவேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசக் காத்திருக்கிறது. பிள்ளைகள் வதைக்கு ஆளானால் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு அழைக்கலாம். இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். அடுத்தவர் துக்கத்தைக் கேலி செய்யும் வீட்டில் வளரும் பிள்ளை, தன் துக்கத்தை அந்த வீட்டில் ஒருநாளும் சொல்லாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இவ்வளவு கடிந்து பேசியதற்குக் காரணம் உங்கள்மேல் உள்ள நம்பிக்கைதான். எஸ்பிஎம் முடிவுக்காகக் கடன் வாங்கிப் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் நாம். பிள்ளை நல்ல மனிதராக வர வேண்டுமென்பதற்கும் அதே உழைப்பைப் போடுவோம் என்று நம்புகிறேன். அதனால் ஒரு வேலையோடு முடிக்கிறேன். ஒவ்வொரு புளோக்கிலும், ஒவ்வொரு தெருவிலும் பத்துக் குடும்பங்கள் சேர்வோம். எந்த வீட்டில் இறப்பு நடந்தாலும், எந்த இனத்தவர் வீடாக இருந்தாலும், முதல் மூன்று நாளும் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோவோம். பதினாறாம் நாளுக்குப் பிறகு மூன்று மாதம்வரை வாரம் ஒரு குடும்பம் போய்ப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளையாவது நம்மோடு வர வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. அந்த வீட்டுச் சாவைப் பற்றிய படமோ காணொளியோ நம் கையிலிருந்து யாருக்கும் போகாது. இதற்குச் சங்கப் பதிவு வேண்டாம், தலைவர் வேண்டாம், பதாகை வேண்டாம். ஒரு தாளில் பத்துப் பெயரும் ஒரு பெரிய சோற்றுப் பானையும் இருந்தால் போதும். இந்த மாதமே தொடங்க வேண்டும். உங்கள் புளோக்கில் முதல் பெயரை யார் எழுதுகிறீர்கள்?